டெல்லிக் குளிரில் ஐந்து நட்சத்திர அறை... கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்கிறது?

மார்கழி விடியற்காலையில் விழுப்புரம் ஜங்ஷன் பிளாட்பாரத்தைப் பார்த்தால், இமயமலை அடிவாரத்து ஸ்டேஷனோ என்று தோன்றும். காதை மூடிய மஃப்ளர், தலையில் குரங்கு குல்லாய், கையில் ஆவி பறக்கும் டீ. வெப்பநிலை என்னவோ 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டிலும் இதே காட்சிதான். எட்டு மணிக்கு வெயில் ஏறியதும் குல்லாய் பைக்குள் போய்விடும்.

அதே விழுப்புரம் வழியாகத்தான் கன்னியாகுமரியிலிருந்து டெல்லி ஹஜ்ரத் நிஜாமுதீன் போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஓடுகிறது. அரையாண்டு விடுமுறையிலோ பொங்கல் லீவிலோ அதில் ஏறும் குடும்பம், சுமார் இரண்டு நாள் கழித்து இறங்கும் ஊரில் ஜனவரி இரவு என்றால் 7 டிகிரி சர்வசாதாரணம். 4 டிகிரிக்கு இறங்கினால் வானிலை ஆய்வு மையம் ‘குளிர் அலை’ என்று அறிவிக்கும். 1935 ஜனவரி 16 அன்று டெல்லி சப்தர்ஜங் நிலையத்தில் மைனஸ் 0.6 டிகிரி வரை இறங்கியிருக்கிறது. நம் ஊர் மஃப்ளர் அங்கே கைக்குட்டைக்குச் சமம்.

‘வாழ்க்கையில் ஒரு தடவையாவது பெரிய ஹோட்டலில் தங்கிப் பார்க்கணும்’ என்ற ஆசை பல வீடுகளில் உண்டு. அந்த ஆசையை டெல்லி பயணத்தோடு சேர்த்து முடித்துக்கொள்ள நினைப்பவர்கள் பளிங்குத் தரையையும், நீச்சல் குளத்தையும், முப்பது வகை காலை உணவையும்தான் மனதில் வைத்து ரூம் போடுகிறார்கள். ஜனவரியில் அந்த நீச்சல் குளத்தை எட்டிப் பார்க்கக்கூட ஆள் இருக்காது. குளிர்காலத்தில் அந்த ஹோட்டல்கள் விற்கும் முக்கியமான சரக்கு வேறு: ஆபத்தில்லாத கதகதப்பு. அதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் கொடுத்த காசு வீண்போகாது.

வட இந்திய வீடுகளும் சிறு லாட்ஜுகளும் பெரும்பாலும் கோடைக்காகக் கட்டப்பட்டவை. ஐரோப்பாவில் இருப்பதுபோல் கட்டடம் முழுக்கச் சூடேற்றும் ஏற்பாடு அவற்றில் கிடையாது. குளிருக்குக் கனமான ரஜாய், அதற்கும் மேல் போனால் ஒரு ரூம் ஹீட்டர். அந்த ஹீட்டருக்குத் தனி வாடகை கேட்கும் லாட்ஜுகளும் உண்டு. ‘ஏசி ரூம்தானே, சூடு வைத்துக்கொள்ளலாம்’ என்று ரிமோட்டை 30 டிகிரிக்கு ஏற்றினாலும் ஒன்றும் நடக்காது. திண்டிவனம் கடைகளில் நாம் வாங்கும் ஸ்பிளிட் ஏசிகளில் பெரும்பாலானவை குளிர்விக்க மட்டுமே தெரிந்தவை. 30-ல் வைத்தால் கம்ப்ரஸர் ஓய்வெடுக்கும், மின்விசிறி மட்டும் சுற்றும். வேண்டியது ‘ஹாட் அண்ட் கோல்டு’ ஏசி. அது அறைக்கு வெளியே இருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்து வரும் வகை.

பெரிய ஹோட்டல்களின் முறையே தனி. தரைத்தளத்துக்குக் கீழே பெரிய இயந்திரங்கள் தண்ணீரைக் குளிர்விக்கும், அல்லது பாய்லரில் சூடாக்கும். அந்தத் தண்ணீர் குழாய் வழியே ஒவ்வொரு அறையின் கூரைக்கும் போகும். அங்கே ஒரு விசிறி அந்தக் குழாய்ச் சுருளின் மேல் காற்றை ஊதி அறைக்குள் அனுப்பும். பழைய கட்டடங்களில் போக ஒன்று, வர ஒன்று என்று ஒரு ஜோடிக் குழாய்தான் இருக்கும். அப்படியானால் கட்டடம் முழுக்க ஒன்று குளிர், இல்லையென்றால் சூடு. உங்கள் அறைக்கு மட்டும் மாற்ற முடியாது. இரண்டு ஜோடிக் குழாய் உள்ள ஹோட்டலில் ஒவ்வொரு அறையும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். டிசம்பர், ஜனவரியில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நவம்பர் கடைசி, பிப்ரவரி கடைசி என்று இரண்டுங்கெட்டான் நாட்களில்தான், கிண்டிக் கிண்டி ரிமோட்டை அழுத்தியும் குளிர்காற்றே வந்துகொண்டிருக்கும்.

அதனால் ரூம் போடுவதற்கு முன் ஹோட்டலுக்கு ஒரு போன் போட்டு இரண்டு கேள்வி கேட்டுவிடுவது நல்லது. நீங்கள் வரும் தேதியில் ஹீட்டிங் ஓடுமா? அறைக்குள்ளேயே கூட்டிக் குறைக்க முடியுமா? முடியாது என்றால், எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் ஹீட்டர் ஒன்று தரச் சொல்லலாம். கேட்டால் கொடுப்பார்கள், கேட்காமல் நடுங்கியபடி தூங்கி எழுந்து வருபவர்கள்தான் அதிகம். கூச்சம் நம் ஊர்க்காரர்களின் நிரந்தர லக்கேஜ்!

‘ஆபத்தில்லாத’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு குளிர்காலமும் வட மாநிலங்களிலிருந்து தவறாமல் ஒரு செய்தி வரும்: மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கிய குடும்பம் காலையில் எழவில்லை. காரணம் கார்பன் மோனாக்ஸைடு வாயு. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம் என்று உணரும்போது எழுந்து கதவைத் திறக்கத் தெம்பு இருக்காது. காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் ஓடினாலும் இதே ஆபத்து. டெல்லிக்கு மட்டுமல்ல, ஊட்டி, கொடைக்கானல் காட்டேஜுகளுக்கும் இது பொருந்தும். இரவில் கேம்ப் ஃபயர் போட்டுவிட்டு, மிச்சக் கங்கைத் தட்டில் அள்ளி அறைக்குள் கொண்டுபோவது ஒருநாளும் கூடாது. எவ்வளவு விலை குறைந்த அறையாக இருந்தாலும் சரி, மின்சார ஹீட்டர் மட்டும்தான். அதன்மேல் துணி காயப்போடாமல் இருந்தால் இன்னும் நல்லது.

இனி பில்லுக்கு வருவோம். திண்டிவனத்துக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. என்றால் முதலில் ஊரை அறுத்துக்கொண்டு போகும் சாலைதான் ஞாபகம் வரும். ஹோட்டல் பில்லில் வருவது இன்னொரு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 5 சதவிகிதம்; அதைத் தாண்டினால் 18 சதவிகிதம். 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875 ரூபாய். ஒரே ஒரு ரூபாய் கூடி 7,501 ஆனால், வரியோடு 8,851 ரூபாய்! போர்டில் எழுதியிருக்கும் விலைக்கு அல்ல, உங்களிடம் உண்மையில் வாங்கும் வாடகைக்குத்தான் இந்தக் கணக்கு. எனவே 8,000 சொல்லும் இடத்தில் பேசி 7,500-க்குள் கொண்டுவந்தால் லாபம் 500 ரூபாயோடு நிற்காது. நிஜமான ஐந்து நட்சத்திர ஹோட்டலில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை; 20,000 ரூபாய் அறை என்றால் வரி மட்டும் 3,600. அறை வாடகை 7,500-ஐத் தாண்டும் ஹோட்டல்களின் உணவகத்தில் சாப்பாட்டுக்கும் 18 சதவிகிதம் உண்டு. வெளியே நடந்து போய்ச் சாப்பிட்டால் 5.

பில்லின் அடியில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று ஒரு வரி சேர்ந்திருக்கலாம். அது அரசாங்க வரி அல்ல. ஹோட்டல்களும் உணவகங்களும் அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அது சரி என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று தீர்ப்பளித்தது. ‘எடுத்துடுங்க’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கவனித்துக்கொண்ட பையனுக்கு நேராகக் கையில் கொடுப்பது வேறு விஷயம்.

இன்னொரு அதிர்ச்சி, உள்ளே நுழையும்போதே காத்திருக்கும். அறை வாடகையை முழுதாகக் கட்டியிருந்தாலும் ரிசப்ஷனில் முன்தொகையாக ஒரு தொகை கேட்பார்கள். மினி பார், சலவை, அறைக்குள் வரவழைக்கும் சாப்பாடு ஆகியவற்றுக்கான உத்தரவாதம் அது. கிரெடிட் கார்டு என்றால் தொகையை எடுக்காமல் நிறுத்தி மட்டும் வைப்பார்கள். காலி செய்த சில நாளில் விடுவிக்கப்படும். யூ.பி.ஐ.யை மட்டும் நம்பிப் போகிறவர்கள் இதற்குத் தனியாகப் பணம் ஒதுக்கி வைப்பது நல்லது. மினி பார் என்பது அறையில் இருக்கும் சின்ன ஃபிரிட்ஜ். அதிலிருக்கும் சாக்லேட் குழந்தை கையில் சிக்காமல் பார்த்துக்கொண்டால், அந்த முன்தொகை முழுசாகத் திரும்பி வரும்.

பனிமூட்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி கடைசிவரை வட இந்தியாவில் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாவது வழக்கம். விமானமும் தப்பாது. பெரிய ஹோட்டல்களில் அறை கொடுக்கும் நேரம் பெரும்பாலும் மதியம் 2 மணி அல்லது 3 மணி. வண்டி சரியான நேரத்துக்கே விடியற்காலையில் போய்ச் சேர்ந்தாலும், பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு லாபி சோஃபாவில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வயதானவர்களோ கைக்குழந்தையோ கூட வந்தால், முந்தைய நாளிலிருந்தே அறை எடுப்பது அல்லது சீக்கிரம் அறை தர முடியுமா, அதற்கு எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது உத்தமம்.

அறைக்குள் போனதும் நடக்கும் முதல் பஞ்சாயத்து எல்லாக் குடும்பத்திலும் ஒன்றுதான்.

“ஏம்பா, அந்த ஏசிய நிறுத்தேன். ஊர்லதான் அது ஓடுதுன்னா இங்கயுமா?”

“ஆயா, அது ஏசி இல்ல. சூடு காத்து வருது. கைய வெச்சுப் பாருங்க.”

ஆயா சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. சூடேற்றிய அறைக் காற்று எலும்பு உலர்ந்ததுபோல் வறண்டிருக்கும். வெளியே 7 டிகிரியில் ஈரப்பதம் 90 சதவிகிதம் இருந்தாலும், அதே காற்றை 24 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். மரக்காணம் கடற்காற்றும் வீடூர் அணைப் பக்கத்து ஈரமும் பழகிய மூக்குக்கும் தோலுக்கும் இது புதுசு. உதடு வெடிக்கும், தொண்டை கரகரக்கும், சிலருக்கு மூக்கில் ரத்தம்கூட எட்டிப்பார்க்கும். ஹீட்டிங்கை 22 டிகிரிக்கு மேல் வைக்காமல், ஒரு டவலை நனைத்துப் பிழிந்து நாற்காலியில் போட்டுவைத்தால் ஓரளவு சரியாகும். ஊரிலிருந்து கொண்டுபோன தேங்காய் எண்ணெய் அந்தக் குளிரில் பாட்டிலுக்குள் கட்டியாகிவிடும்; அதை எடுக்க அகலவாய் டப்பா வசதி.

கட்டிலிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. போர்வையை மெத்தைக்கு அடியில் மூன்று பக்கமும் இறுக்கிச் செருகி வைத்திருப்பார்கள். உள்ளே எப்படிப் போவது என்று தெரியாமல் அதன் மேலேயே படுத்து, கொண்டுவந்த துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நடுங்குகிறவர்கள் உண்டு. தயங்காமல் உருவி எடுத்துவிட்டு உள்ளே நுழைய வேண்டியதுதான். கூடுதல் ரஜாய் கேட்டால் காசு வாங்க மாட்டார்கள்.

குளியலறையில்தான் பெரியவர்களுக்குக் கவனம் தேவை. பெரிய ஹோட்டல்களில் வெந்நீரைக் கிருமி வளராமல் இருக்க 60 டிகிரியை ஒட்டிச் சேமித்து வைப்பது வழக்கம். 1976-ல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் ஒரு பெரிய ஹோட்டலில் நடந்த மாநாட்டுக்குப் போனவர்கள் நிமோனியாவில் விழுந்து பலர் இறந்த பிறகுதான் லெஜியோனெல்லா என்ற கிருமியே கண்டுபிடிக்கப்பட்டது. வெதுவெதுப்பான தண்ணீர் அதற்குக் குதூகலம். எனவே சிவப்புப் பக்கம் குழாயைத் திருப்பி நேராகத் தலையில் ஊற்றிக்கொள்ளக் கூடாது. நீலப் பக்கத்திலிருந்து மெதுவாகக் கொண்டுவர வேண்டும். வெந்நீரில் குளித்த கையோடு குளிரில் வெளியே போவதும் ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களுக்கு நல்லதல்ல. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். அரை மணி நேரம் அறைக்குள் இருந்துவிட்டு, ஒரு தடிமன் ஸ்வெட்டருக்குப் பதில் மூன்று மெல்லிய உடைகளை அடுக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பலாம். மயிலம் முருகனைக் கும்பிட்டுப் பழகியவர்கள் ஆர்.கே.புரம் மலை மந்திர் சுவாமிநாதரையும் பார்க்காமல் வர மாட்டார்கள். காலை ஆறு மணிக்கு அந்தக் கல் தரையில் வெறுங்கால் வைப்பதைவிட, பத்து மணி வெயிலில் போவது புத்திசாலித்தனம்.

ஆஸ்துமா இருப்பவர்கள் காற்று மாசையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டினால் ‘கடுமை’ வகை. டெல்லி குளிர்காலத்தில் அது அபூர்வமல்ல. அறையில் ஏர் ப்யூரிஃபையர் உண்டா என்பதும் போனில் கேட்க வேண்டிய கேள்விதான்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, ‘எல்லா நாளும் பெரிய ஹோட்டலா?’ என்று மலைக்க வேண்டாம். கல்லூரிப் பிள்ளைகள் மட்டும் போகும் பயணத்துக்கு ஹாட் அண்ட் கோல்டு ஏசி உள்ள நடுத்தர ஹோட்டலே தாராளம். ஆயா, தாத்தா, கைக்குழந்தை இருக்கும் குடும்பத்துக்கு முதல் இரண்டு இரவு நல்ல ஹோட்டல், பிறகு நடுத்தரம் என்று பிரித்துக்கொள்ளலாம். ரயில் அலுப்பும் புதுக் குளிரும் சேர்ந்து உடம்பைப் படுத்துவது அந்த முதல் இரண்டு இரவுதான்.

எந்த ஹோட்டல் என்பது அவரவர் விருப்பம். 1956-ல் டெல்லியில் நடந்த யுனெஸ்கோ பொதுமாநாட்டுப் பிரதிநிதிகளைத் தங்கவைக்க, நேரு காலத்தில் சாணக்யபுரியில் கட்டிய அசோக் ஹோட்டல் ஒரு ரகம். சிவில் லைன்ஸில் 1903 முதல் இருக்கும் மெய்டன்ஸ் இன்னொரு ரகம். ஒன்று மட்டும் எல்லாவற்றுக்கும் பொது: டெல்லிக்குக் குளிர்காலம்தான் சீசன். வெளிநாட்டுப் பயணிகளும் கல்யாணக் கூட்டமும் அப்போதுதான் வருகிறார்கள், வாடகையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கிறது. மே மாதம் அதே அறை பாதி விலைக்கே கிடைத்தாலும் ஆச்சரியமில்லை. ஆனால் கத்திரி வெயிலைப் பார்க்க யாரும் விழுப்புரத்திலிருந்து டெல்லிக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. ஜனவரியில் போவதென்றால் குடியரசு தின வாரத்தைத் தவிர்த்து, ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையிலேயே அறை எடுங்கள். பனிமூட்டத்தில் வண்டி ஒரு நாள் தள்ளிப்போனால் அந்தக் கூடுதல் சில நூறு ரூபாய்தான் உங்களைக் காப்பாற்றும்.