என்பை அரிக்கும் நொதியம்

என்பு என்றதும் விஞ்ஞான அறையின் மூலையில் தொங்கும் எலும்புக்கூடே நம் மாணவரின் நினைவுக்கு வருகின்றது. உயிருள்ள என்பு அத்தகையதன்று. பழுதுற்ற பகுதியை ஒருவகைக் கலங்கள் அரித்தகற்ற, வேறொருவகைக் கலங்கள் அவ்விடத்திற் புதிய என்பை ஆக்குகின்றன. வளர்ந்தோரின் என்பில் ஆண்டுதோறும் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு இவ்வாறு புதுப்பிக்கப்படுகின்றது. மாதவிடாய் நின்ற பெண்களில் அரிப்பு மிஞ்ச, ஆக்கம் பின்தங்குகின்றது. பனியுறைந்த நடைபாதையில் வழுக்கி விழும் அம்மம்மாவின் இடுப்பென்பு எளிதில் முறிவது இதனாலேயே.

அரிக்கும் கலம் முதலில் அமிலத்தைச் சுரந்து என்பின் கனியுப்புகளைக் கரைக்கின்றது. எஞ்சும் கொலாஜன் என்னும் புரத நாரை நறுக்குவது கதெப்சின் கே என்னும் நொதியம். இதனைப் பாக்குவெட்டிக்கு ஒப்பிடலாம். (பாக்குவெட்டியைக் கண்டிராத பிள்ளைகள் வீட்டுப் பெரியோரைக் கேட்டறிக.) பாக்குவெட்டியின் வாயிற் சிறு கல்லொன்று சிக்கினால் அது பாக்கை நறுக்காது. நொதியத் தடைப்பொருள் அக்கல்லைப் போன்றது.

இந்நொதியம் பிறவியிலேயே குறைபட்டோரும் உளர். அவர்களது என்பு அடர்த்தி மிக்கதாயினும் எளிதில் உடையும், உருவமும் குறுகியிருக்கும். இதன் மரபணுக் காரணம் 1996 இல் அறியப்பட்டது. பிரெஞ்சு ஓவியர் துலூஸ் லோத்ரெக்கிற்கு இந்நோய் இருந்திருக்கலாம் என்று மருத்துவர் சிலர் கருதுவர்.

நாம் வாழும் இதே மொன்றியல் தீவின் மேற்கே, கேர்க்லண்டில், மேர்க் புரொஸ்ற் ஆய்வுநிலையம் 2010 வரை இயங்கியது. கதெப்சின் கே நொதியத்தைத் தடுக்கும் ஒடனகற்றிப் என்னும் மருந்தின் உருவாக்கத்தில் அங்கிருந்த விஞ்ஞானிகளுக்குப் பெரும் பங்குண்டு. 65 வயதும் அதற்கு மேலுமான 16,000 இற்கு மேற்பட்ட பெண்களிடம் அது பரிசோதிக்கப்பட்டது. இடுப்பென்பு முறிவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆயினும் மருந்துண்டோரில் பாரிசவாதம் கூடுதலாகக் காணப்பட்டமையால், 2016 இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. இதனை வீண் முயற்சி என்று நாம் கொள்ளவில்லை. அத்தனை பெண்கள் பரிசோதனைக்கு உடன்பட்டிராவிடின் அத்தீங்கு மறைந்தே இருந்திருக்கும்.

என்பரிப்புக்கும் புற்றுநோய்க்கும் தொடர்புண்டு. புற்றுநோயை விதைக்கும், அது பரவும் உறுப்பை நிலத்துக்கும் ஒப்பிட்டு 1889 இல் எழுதினார் இலண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் ஸ்ரீபன் பஜெற். மார்பகத்திலிருந்து என்பை அடையும் புற்றுநோய்க் கலங்கள், என்பை அரிக்கும் கலங்களைத் தூண்டிவிடுகின்றன. என்பு கரையக் கரைய, அதனுள் சேமிக்கப்பட்டிருந்த வளர்ச்சிக் காரணிகள் வெளிவந்து புற்றுநோய்க்கே உரமாகின்றன. உரம் பெற்ற நோய் மேலும் அரிக்கத் தூண்டுகின்றது. இவ்விடச் சக்கரத்தை அறுப்பதே மருத்துவர் நோக்கம்.

இன்று பயன்படும் சொலெட்ரோனிக் அமிலம், அரிக்கும் கலத்தினுள் உள்ள வேறொரு நொதியத்தைத் தடுப்பது. மாதவிடாய் நின்றபின் ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானோரில், இவ்வகை மருந்துகள் நோய் என்புக்குப் பரவுவதை ஓரளவு குறைக்கின்றன என்பதை 2015 இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது.

வைத்தியசாலையிற் பிரெஞ்சு மொழியிற் கூறப்படுவதைத் தாய்க்கும் பாட்டிக்கும் தமிழிற் சொல்பவர் பல வீடுகளில் நம் மாணவரே. ஆதலால் ஒன்றை அவர்கள் அறிந்திருத்தல் நன்று. இம்மருந்து பெற்றபின் பல் பிடுங்கினால், அரிதாகச் சிலருக்குத் தாடையென்பு ஆறாது போவதுண்டு. பழுதான பற்கள் இருப்பின், மருந்து தொடங்குமுன்னரே பல் வைத்தியரிடம் காட்டிச் சீர்செய்துகொள்ள வேண்டும்.