சுழலும் கண்ணாடி (ஒளி எழுதும் வரி – 11)

நேமத்தான்பட்டி வீடுகளில் வளவு வானம் பார்த்துத் திறந்திருக்கும். உச்சி வெயில் அதில் இறங்கும் நேரத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கையில் பிடித்து வெளிச்சத்தை எதிர்ச் சுவரில் அடித்துப் பாருங்கள். கண்ணாடியை ஒரு பாகை திருப்பினால் வெளிச்சம் இரண்டு பாகை திரும்பும். சுவர் பத்து மீட்டர் தள்ளி இருந்தால் அந்தத் திட்டு 35 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கை கொஞ்சம் நடுங்கினால் அந்த நடுக்கமும் இரட்டிப்பாகத்தான் சுவரில் தெரியும். சுழலும் கண்ணாடியைக் கொண்டு லேசரால் எழுதும் இயந்திரத்துக்கு வேகம் கிடைப்பதும் இந்த இரட்டிப்பால்தான், பிழை பெருகுவதும் இதனால்தான்.

மின்னேறிய டிரம்மில் ஒளி பட்ட இடத்தில் மட்டும் டோனர் ஒட்டுவதைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த ஒளியை டிரம்மின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓட்டுவது, ஓரங்களில் பல முகங்கள் தீட்டிய ஓர் உலோகச் சக்கரம். அலுமினியத்தை வைர முனையால் சீவி முகங்களைப் பளபளப்பாக்குகிறார்கள். சக்கரம் சுழலும்போது ஒரு முகம் ஒரு வரியை எழுதி முடிக்கும். அடுத்த முகம் அடுத்த வரியைத் தொடங்கும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் இதன் கடுமை விளங்கும். அங்குலத்துக்கு 600 புள்ளி என்றால் வரிக்கு வரி இடைவெளி 42 மைக்ரான். தாள் விநாடிக்கு 120 மி.மீ. ஓடினால் விநாடிக்கு ஏறத்தாழ 2,800 வரிகள் வேண்டும். ஆறு முகச் சக்கரம் நிமிடத்துக்கு 28,000 சுற்றுக்கு மேல் சுழல வேண்டும். வேகத்தை எட்டுவதுகூடப் பெரிய பாடில்லை. அந்த வேகத்தில் ஆறு முகங்களும் ஒரே சாய்வில் நிற்க வேண்டும். ஒரு முகம் மட்டும் இம்மியளவு மேல் நோக்கியிருந்தால் அது எழுதும் வரி ஒவ்வொரு சுற்றிலும் விலகி விழும். எழுத்தில் இது தெரியாது. கல்யாணப் பத்திரிகையில் பின்னணிக்கு மெல்லிய டின்ட் போட்டிருப்பார்களே, அங்கே கோடு கோடாகத் தெரிந்துவிடும். வரி இடைவெளியில் பத்தில் ஒரு பங்குதான் பிழை வரலாம், சக்கரத்துக்கும் டிரம்முக்கும் அரை மீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், முகத்தின் சாய்வுப் பிழை ஒரு விகலைக்கும் குறைவாக இருக்க வேண்டும். ஒரு பாகையில் 3,600 விகலைகள். அப்படி ஒரு சக்கரத்தைச் செய்ய முடியும். ஆனால் அந்த விலைக்கு வாங்கி அச்சகம் நடத்த முடியாது.

ஜெராக்ஸ் நிறுவனத்தில் இருந்த கேரி ஸ்டார்க்வெதர் இந்த இடத்தில்தான் முட்டி நின்றார். 1960களின் இறுதியில் நியூயார்க் மாநிலத்து வெப்ஸ்டர் ஆய்வுக்கூடத்தில் லேசரால் அச்சடிக்கும் யோசனையைச் சொன்னபோது அவருடைய மேலாளர்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. 1971இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்துக்கு மாற்றல் வாங்கிப் போனார். நகலெடுக்கும் இயந்திரம் ஒன்றைத் திருத்தி, அந்த ஆண்டு முடிவதற்குள் வேலை செய்யும் மாதிரி ஒன்றை நிறுத்திக் காட்டினார். சாய்வுப் பிழைக்கு அவர் கண்ட வழி உருளை வில்லை. ஒரு திசையில் மட்டும் ஒளியைக் குவிக்கும் வில்லை அது.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சக்கரத்துக்கு முன்னால் ஓர் உருளை வில்லை ஒளியை மேல்-கீழ்த் திசையில் நசுக்கி, முகத்தின் மேல் மெல்லிய கோடாக விழச் செய்கிறது. சக்கரத்தைத் தாண்டியதும் இன்னொரு வில்லை, அந்தக் கோட்டின் பிம்பத்தை டிரம்மில் விழச் செய்கிறது. முகம் சாய்ந்தால் ஒளிக்கதிர் வேறு கோணத்தில் கிளம்பும். ஆனால் கிளம்பும் இடம் மாறவில்லை. ஓர் இடத்திலிருந்து எந்தக் கோணத்தில் கதிர் கிளம்பினாலும் வில்லை அதை ஒரே பிம்பப் புள்ளிக்குத்தான் கொண்டு சேர்க்கும். ஆக, சக்கரம் தவறு செய்கிறது, வரி மட்டும் தன் இடத்தில் விழுகிறது. சக்கரம் திரும்பும்போது முகம் சற்று முன்னும் பின்னும் போவதால் திருத்தம் முழுமையாக இராது. என்றாலும், ஒரு விகலைத் துல்லியம் கேட்ட இடத்தில் பல பத்து விகலை போதும் என்றாகிவிட்டது. 1977இல் ஜெராக்ஸ் 9700 நிமிடத்துக்கு 120 பக்கம் அடித்தது. இன்று காரைக்குடி டைப்பிங் சென்டர் மேசையில் இருக்கும் பெட்டிக்குள்ளும் இதே ஏற்பாடுதான். பாகத்தைப் பிழையில்லாமல் செய்யப் பணத்தைக் கொட்டுவதைவிட, பிழை தாளுக்கு வந்து சேராதபடி வழியை அமைப்பது உயர்ந்த பொறியியல் என்றே நான் கருதுகிறேன்.

வில்லையால் தீராதவையும் உண்டு. ஒரு வரிக்குள் வேகம் கூடிக் குறைந்தால் வரியின் கடைசிப் புள்ளிகள் இடம் மாறும். வரி தொடங்கும் இடத்தில் ஒளியுணர்வி ஒன்று ஒவ்வொரு வரியையும் பிடித்து நேரம் சொல்வதால் இடது ஓரம் ஒழுங்காக நிற்கும். வலது ஓரத்துக்குப் பொறுப்பு சக்கரத்தின் சீரான வேகம். ஏ4 அகலத்தில் ஏறத்தாழ 5,000 புள்ளிகள். கால் புள்ளி பிசகக் கூடாதென்றால் வேகம் இருபதாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் மாறக் கூடாது. ஆகவே வடிவமைப்பை லேசரிலிருந்து தொடங்குகிறவர்களைவிட பேரிங்கிலிருந்து தொடங்குகிறவர்களே பிழைக்கிறார்கள். குண்டு பேரிங் தேயத் தேய அதிரும். மிகுந்த வேகம் வேண்டிய இடங்களில் காற்று பேரிங். சுழற்சியே காற்றை இடுக்கில் இழுத்துத் தண்டை மிதக்க வைக்கும். ஓடும்போது உலோகம் உலோகத்தைத் தொடாது, தேய்மானமெல்லாம் கிளம்பும்போதும் நிற்கும்போதும்தான். அடிக்கடி மின்சாரம் போய் வரும் ஊரில் இதை மறந்துவிடக் கூடாது.

சிவகாசி ஆப்செட் தொழிலில் பிளேட் எடுக்கும் சி.டி.பி. இயந்திரங்களில் ஒரு வகை வேறு வழியில் போகிறது. அரை உருளை வடிவத் தொட்டிக்குள் பிளேட் வளைந்து படுத்திருக்கும். நடுவில் 45 பாகை சீவிய ஒற்றை முகக் கண்ணாடி சுழன்றபடி நகரும். ஊதா லேசர் அதில் பட்டுத் திரும்பும். முகம் ஒன்றே ஒன்று என்பதால் முகத்துக்கு முகம் பேதம் என்ற பேச்சே இல்லை. விலையை வேகத்தில் கொடுக்க வேண்டும். 2,400 புள்ளியில் 700 மி.மீ. பிளேட்டுக்கு 66,000 வரிகள். நிமிடத்துக்கு 40,000 சுற்றில் ஓடினாலும் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும்.

சர்வீஸ் மேசைக்கு வருவோம். பழைய எச்.பி. லேசர்ஜெட்டில் 51 என்று எரர் காட்டினால் ஒளியுணர்விக்கு ஒளி வந்து சேரவில்லை. 52 என்றால் சக்கரம் தன் வேகத்தைப் பிடிக்கவில்லை. தாளில் மேலிருந்து கீழாக வெளிறிய பட்டை விழுந்தால், லேசர் போகும் வழியில் கண்ணாடியிலோ வில்லையிலோ தூசி படிந்திருக்கலாம். குறுக்குக் கோடுகள் விழுந்தால் முதலில் இடைவெளியை அளக்க வேண்டும். ஆறு முகச் சக்கரத்தின் ஒரு சுற்று 600 புள்ளியில் கால் மில்லிமீட்டர். கோடுகள் அந்தக் கணக்கில் விழுந்தால் சந்தேகம் சக்கரத்தின் மேல். மில்லிமீட்டர்க் கணக்கில் விலகி விழுந்தால் டிரம்மையும் பல் சக்கரத்தையும் பார்க்க வேண்டும். கால் மில்லிமீட்டரை ஸ்கேலால் அளக்க முடியாது. பிளேட் பார்க்கும் லென்ஸ் வேண்டும். இந்த ஓர் அளவை எடுக்காமல் முழு ஸ்கேனர் யூனிட்டையும் மாற்றுவது வழக்கமாகிவிட்டது. அந்தச் செலவு சின்ன அச்சகக்காரரின் தலையில்தான் விழுகிறது.

அடுத்த வாரம், சக்கரத்துக்கும் டிரம்முக்கும் நடுவே உட்கார்ந்து வரியின் ஓரங்கள் நீண்டுவிடாமல் காக்கும் எஃப்-தீட்டா வில்லையைப் பார்ப்போம்.