அடக்க முடியாத அவசரமும் அன்றாடச் சாப்பாடும்

சாவகச்சேரியில் சலரோகத்தைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் சந்தையில் நின்றே பேசுவார்கள். மலத்தை அடக்க முடியாமற் போவதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அந்தத் தொல்லை உள்ளவர் பஸ் ஏறத் தயங்குவார், கலியாண வீட்டுக்குப் போகமாட்டார். கேட்டால் வயது போனதென்று சொல்லி முடித்துவிடுவார். நான் இதை எழுத எடுத்ததற்கு அந்த மௌனமே காரணம்.

மலம் குடலின் கடைசிப் பகுதியில் சேர்கிறது. அதைத் தாங்கி வைத்திருப்பவை ஆசனவாயைச் சுற்றியுள்ள தசைகளும் அவற்றை இயக்கும் நரம்புகளும். பிரசவத்தின்போது ஏற்பட்ட கிழிவு, நெடுநாள் நீரிழிவு, முள்ளந்தண்டுக் காயம் ஆகியவை இந்தக் கட்டுப்பாட்டைக் குறைக்கலாம். மலம் இளகியிருந்தால் பலவீனமான தசைக்கு அதைப் பிடித்து வைப்பது இன்னும் கடினம். உணவுக்கும் இந்தத் தொல்லைக்கும் உள்ள தொடர்பு இங்கேதான் தொடங்குகிறது.

உடலில் மெல்லிய, நீடித்த அழற்சியை எந்த உணவு கூட்டும், எது குறைக்கும் என்பதை மதிப்பிட, அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 45 உணவுக் கூறுகளைக் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள. கொழுப்பு வகைகளில் நிறைவுற்ற கொழுப்பு அழற்சியைக் கூட்டும் பக்கத்தில் நிற்கிறது. நார்ச்சத்து, மஞ்சள், உள்ளி, இஞ்சி, வெங்காயம் எல்லாம் குறைக்கும் பக்கத்தில். எங்கள் அம்மம்மாமார் வைத்த இரசத்தையும் கீரைக் கறியையும் இந்தப் பட்டியலில் காணலாம்.

58 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கத் தாதியரைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2018 இல் வெளியானது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 கிராம் நார்ச்சத்து உண்டவர்களுக்கு, 13.5 கிராம் உண்டவர்களைவிட இந்தத் தொல்லை வரும் வாய்ப்பு 18 வீதம் குறைவாக இருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, உணவே காரணம் என்று நிறுவவில்லை.

இடம்பெயர்ந்த காலத்தில் நிவாரணமாகக் கிடைத்தவை அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி. ஊர் திரும்பிய பிறகும் காலையில் பாண், மாலையில் ரோல்ஸ், இனிப்புத் தேநீர் என்ற பழக்கம் பல வீடுகளில் நிலைத்துவிட்டது. குரக்கன் புட்டு, ஒடியற் கூழ், முருங்கையிலை, வல்லாரை ஆகியவற்றை மீண்டும் தட்டுக்குக் கொண்டுவரப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் வயிறு ஊதும். சிறிது சிறிதாகக் கூட்டி, தண்ணீரும் போதியளவு குடிக்க வேண்டும். என்ன சாப்பிட்ட பிறகு அவசரம் வருகிறதென்று இரண்டு கிழமை கொப்பியில் குறித்து வைத்தால் பால், தேநீர், கடும் உறைப்பு என்று அவரவருக்கு ஒவ்வாதது தெரியவரும். சாப்பிட்ட பின் குடல் இயல்பாகவே அசையும் என்பதால், காலைச் சாப்பாட்டின் பின் மலசலகூடத்தில் அமர்வதை வழக்கமாக்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். நெடுநாள் மலச்சிக்கலில் இறுகிய மலத்தைச் சுற்றி நீர்மலம் கசிவதுண்டு. அதை வயிற்றோட்டம் என்று நினைத்து, நிறுத்தும் மாத்திரை போட்டால் நிலைமை மோசமாகும். அடுத்தது, முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களுக்குக் கூடுதல் நார்ச்சத்தே சிலவேளை சிக்கலைக் கூட்டும். அவர்கள் வைத்தியரைக் கேட்காமல் உணவை மாற்றக்கூடாது. மலத்தில் இரத்தம், காரணமில்லாத உடல் மெலிவு இருந்தால் தாமதிக்க வேண்டாம். திடீரெனக் கால்கள் பலமிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

போரில் தப்பியவர்கள் கடைசிக் காலத்தில் வீட்டுக்குள் முடங்க வேண்டியதில்லை. ஆதார வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவில் வைத்தியரிடம் ஒரு வசனம் சொன்னால் போதும்: "எனக்கு அடக்க முடியவில்லை." சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்கும்.