நாடாப்புழு மாட்டிலிருந்து தொடங்கவில்லை

2024 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டம் அரூர் அருகே, மாட்டிறைச்சி எடுத்துச் சென்ற தலித் பெண் ஒருவர் அரசுப் பேருந்திலிருந்து பாதி வழியில் இறக்கிவிடப்பட்டார். ஓட்டுநரும் நடத்துநரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். மாட்டிறைச்சி மீதான வெறுப்பு இன்று ‘சுகாதாரம்’ என்ற சட்டையையும் அணிந்து வருகிறது. நாடாப்புழு அதற்குச் சாட்சியாக்கப்படுகிறது. அச்சாட்சியையே நாம் விசாரிப்போம்.

டீனியா சாஜினேட்டா எனும் இப்புழு முதிர்ந்து வாழ்வது மனிதக் குடலில் மட்டுமே. அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறிப் புல்லிலும் நீரிலும் கலக்கின்றன. அங்கு மேயும் மாட்டின் தசையில் இளம்புழு கட்டியாகத் தங்குகிறது; சரியாக வேகாத இறைச்சி வழியே மனிதருக்குத் திரும்புகிறது. அதாவது, மாட்டுக்கு இதைக் கொடுப்பவர்கள் மனிதர்களே, எந்தச் சாதியினராயினும். நன்கு வெந்த குழம்பில் இக்கட்டி பிழைக்காது. தொற்றினாலும் பிராசிகுவான்டெல் மாத்திரையால் குணமாகும். மூளையில் கட்டி உண்டாக்குவது பன்றி நாடாப்புழு. இரண்டையும் குழப்புவது சிலருக்கு வசதியாக இருக்கிறது.

2001ஆம் ஆண்டின் அறுவைக்கூட விதிகள், அறுக்கும் முன் ஒவ்வொரு விலங்கையும் கால்நடை மருத்துவர் சோதிக்க வேண்டும் என்கின்றன. ஒருவர் நாளொன்றுக்கு 96 விலங்குகளுக்கு மேல் சோதிக்கலாகாது. ஆயினும் தசைக்கட்டி, அறுத்தபின் தாடை, இதயத் தசைகளைக் கீறிப் பார்க்கும்போதே தெரியும். அதற்கு நீரும் வெளிச்சமும் உள்ள அறுவைக்கூடம் வேண்டும். முட்டை புல்லைச் சேராதிருக்கக் கழிப்பறை வேண்டும். உங்கள் பேரூராட்சியில் இவ்விரண்டும் எத்தனை உள்ளன, மருத்துவர் எந்நாட்களில் வருகிறார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுச் செய்யுங்கள்.