புத்தகத்தைப் பார்த்தே தாய் சி கற்றுக்கொள்ள முடியுமா?

முதல் படத்தில் ஒருவர் இடது காலை முன்னால் வைத்து நிற்கிறார். அடுத்த படத்தில் அவரது வலது கால் முன்னால் இருக்கிறது. கைகளும் இடம் மாறிவிட்டன. நடுவில் என்ன நடந்தது? உடல் எடை எப்போது எந்தக் காலுக்குப் போனது? படத்தில் பதில் இல்லை.

சீனத் தற்காப்புக் கலையான தாய் சியைப் புத்தகம் வாங்கிக் கற்கத் தொடங்கும் பலரும் முதல் வாரத்திலேயே திணறும் இடம் இது. மாஸ்டர் பக்கத்தில் இல்லை, கட்டணம் கட்ட வசதியில்லை, புத்தகம் போதுமா? இந்தக் கேள்விக்கு நூறு வயதாகிறது!

ரகசியம் அச்சில் ஏறிய கதை

தாய் சியின் பழைமையான பாணி, சீனாவின் ஹெனான் மாகாணத்தில் உள்ள சென் கிராமத்தில் ஒரு குடும்பத்துக்குள்ளேயே வளர்ந்தது. 19-ம் நூற்றாண்டில் யாங் லூசான் என்ற வெளியாள் அங்கே கற்று, பிறகு பெய்ஜிங்கில் கற்றுக்கொடுத்தார். அப்போதும் மாஸ்டர் செய்வதைப் பார்த்துச் சீடர் செய்வதுதான் பாடம்.

1912-ல் மன்னராட்சி முடிந்த பிறகு நிலைமை மாறியது. நாடு வலுப்பெற மக்களின் உடல் வலுப்பெற வேண்டும் என்ற எண்ணம் பரவியது. சுன் லுடாங் என்ற மாஸ்டர் 1915-ல் ஷிங் யி என்ற கலையைப் பற்றியும், 1921-ல் தாய் சி பற்றியும் புத்தகங்கள் வெளியிட்டார். யாங் லூசானின் பேரன் யாங் செங்ஃபு பெயரில் 1931-லும் 1934-லும் புத்தகங்கள் வந்தன. குடும்பச் சொத்தாக இருந்த கலை, கடையில் வாங்கக்கூடிய பொருளானது.

1956-ல் சீன அரசின் விளையாட்டு ஆணையம், யாங் பாணியைச் சுருக்கி 24 அசைவுகள் கொண்ட எளிய வரிசையை உருவாக்கியது. செய்து முடிக்க ஐந்தாறு நிமிடங்கள் போதும். தொடக்கநிலைப் புத்தகங்கள் பலவற்றில் நீங்கள் பார்ப்பது இந்த வரிசையைத்தான்.

புத்தகம் எதற்கு உதவும்?

அசைவுகளின் வரிசையை மனப்பாடம் செய்யப் புத்தகம் அருமையான துணை. 'வெள்ளைக் கொக்கு சிறகு விரிக்கிறது', 'மேகம்போல் கைகளை அசைத்தல்' என்ற பெயர்களே அசைவை நினைவில் நிறுத்திவிடும்.

அடிப்படை விதிகளையும் புத்தகத்திலிருந்து கற்கலாம். யாங் செங்ஃபு சொல்ல, அவருடைய சீடர் சென் வெய்மிங் எழுதிவைத்த 10 விதிகள் இன்றும் பிரபலம். தலை, மேலிருந்து நூலில் தொங்குவதுபோல நிமிர்ந்திருக்க வேண்டும். தோள்கள் தளர்ந்திருக்க வேண்டும். எந்தக் கால் எடையைத் தாங்குகிறது என்பது உங்களுக்கே தெளிவாகத் தெரிய வேண்டும். அசைவு எங்கேயும் அறுபடக் கூடாது.

எங்கே கைவிடும்?

உங்கள் தவறு புத்தகத்துக்குத் தெரியாது. இங்கேதான் ஆபத்து. தாய் சி மெதுவாகத்தானே இருக்கிறது என்று நினைப்போம். ஆனால், முழங்காலை மடக்கி, ஒரே காலில் எடையைத் தாங்கித் திரும்பும் அசைவுகள் அதில் நிறைய. முழு எடையும் ஒரு காலில் இருக்கும்போது பாதத்தை அசைக்காமல் உடலை மட்டும் திருப்பினால், திருகுவது முழங்கால்தான். ஒரு மாஸ்டர் இதை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். தனியாகப் பழகுபவருக்கோ வலி வந்த பிறகுதான் தெரியும்.

இன்னொன்று, இது தற்காப்புக் கலை. இருவர் கையோடு கை தொட்டு, எதிராளியின் விசையை உணரும் பயிற்சியும் இதில் உண்டு. அதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டும்.

புத்தகத்தோடு தொடங்குபவர்களுக்கு...

* வாரத்துக்கு ஓர் அசைவு போதும். 24 அசைவுகளுக்கு ஆறு மாதம் ஆகும்.

* படத்தில் இருப்பவர் உங்களைப் பார்த்து நின்றால் இடம், வலம் குழம்பும். எழுதியிருப்பதையும் படித்துச் சரிபாருங்கள்.

* முழங்கால், கால்விரல்கள் நோக்கும் திசையிலேயே இருக்கட்டும். விரல் நுனியைத் தாண்ட வேண்டாம்.

* படத்தில் இருப்பவர் அளவுக்குத் தாழ்ந்து நிற்க முயல வேண்டாம். உயரமாக நின்றே பழகலாம்.

* போனில் உங்களைப் பக்கவாட்டில் வீடியோ எடுத்து, படத்தோடு ஒப்பிடுங்கள்.

* வலித்தால் நிறுத்துங்கள். மூட்டுவலி, தலைச்சுற்றல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

புத்தகம் தந்த யாங் செங்ஃபுவே தன் அப்பாவிடம் நேரில் கற்றவர்தான். எனவே, கையில் புத்தகம் இருந்தால் தாராளமாக இன்றே தொடங்குங்கள். மாதம் ஒருமுறையாவது, விஷயம் தெரிந்த ஒருவர் முன்னால் செய்துகாட்டுங்கள். அவர் முதலில் உங்கள் முழங்காலைப் பார்க்கட்டும்!