ஒரே சிப், இரண்டு ஆயுள்

களக்காடு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் பழுதுபார்க்கும் கடை. மஞ்சள் பையிலிருந்து பெரியப்பா எடுத்து வைத்தது, 2014-ல் வாங்கிய போன். ஏத்தன் வாழைத்தார் விலையை வியாபாரிகள் இப்போது வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள். வீட்டிலிருக்கும் நல்ல போன் பேரன் கையை விட்டு இறங்குவதில்லை.

"இதுல ரேமைக் கூட்டி, 4ஜி ஆக்கித் தர முடியுமாடே?"

கடைக்காரத் தம்பி பின்மூடியைக் கழற்றி, போர்டை லென்ஸுக்கு அடியில் வைத்துக் காட்டினார். "மோட்டாருக்குக் காயில் கட்டுத மாதிரி இதுக்குக் கட்ட முடியாது அண்ணாச்சி."

போர்டு வகுக்கும் எல்லை

மேசைக் கம்ப்யூட்டரில் ரேமைச் செருகப் பள்ளம் உண்டு. போனில் கிடையாது. விலை குறைந்த பல போன்களில் ரேமும் ஸ்டோரேஜும் ஒரே சிப்புக்குள் அடக்கம். அந்தச் சிப்பின் அடியில் கடுகிலும் சிறிய உலோகக் குண்டுகள் வரிசை வரிசையாகப் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. மெமரி கார்டு போட்டால் படங்களுக்கு இடம் கிடைக்கும், ரேம் அதிகமாகாது. 'விர்ச்சுவல் ரேம்' என்பதும் ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்குவதுதான். அது உண்மையான ரேமின் வேகத்தில் ஓடாது.

4ஜி கதையும் அப்படியே. எந்த அலையைப் பிடிக்கலாம் என்பதை மோடமும் ஆன்டெனாவும் தீர்மானிக்கின்றன. எந்தச் செயலியாலும் 3ஜி போனை 4ஜி ஆக்க முடியாது. 2016 செப்டம்பரில் ஜியோ 4ஜி மட்டுமே கொண்டு வந்தது. பிறகு மற்ற தனியார் நிறுவனங்களும் 3ஜி அலையை 4ஜிக்குத் திருப்பின. 2025 செப்டம்பர் 27 அன்று பிஎஸ்என்எல்லின் உள்நாட்டு 4ஜி சேவை முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. அதில் பயன்படும் 700 மெகாஹெர்ட்ஸ் அலை வெகுதூரம் போகும். எங்கள் ஊரைப் போன்ற மலையடிவாரத்து ஊர்களுக்கு வரம். ஆனால் அதைப் பிடிக்க, போனில் பேண்ட் 28 இருக்க வேண்டும். பழைய 4ஜி போன்கள் பலவற்றில் அது இல்லை. பழைய போனைக் கைமாற்றி வாங்குகிறவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

கம்பெனி வகுக்கும் எல்லை

எல்லாப் பழியையும் போர்டின் மேல் போட முடியாது. 2014 செப்டம்பர் 15 அன்று இந்தியாவில் கூகுளின் 'ஆண்ட்ராய்டு ஒன்' போன்கள் அறிமுகமாயின. மீடியாடெக் எம்டி6582 சிப், 1 ஜிபி ரேம், 4 ஜிபி ஸ்டோரேஜ், தொடக்க விலை 6,399 ரூபாய். ஆண்ட்ராய்டு 4.4-உடன் வந்த அந்த போன்களுக்கு மறு ஆண்டே 6.0 வரை அப்டேட் கிடைத்தது. அதே சிப் உள்ள வேறு பல போன்கள் 4.4-லேயே நின்றுபோயின. சிப் ஒன்றுதான், வேறுபட்டது அப்டேட் தரும் பொறுப்பை யார் ஏற்றார்கள் என்பது.

புது ஆண்ட்ராய்டு ஓட, சிப் கம்பெனி அதற்கேற்ற டிரைவர் மென்பொருளைத் தர வேண்டும். போன் கம்பெனி அதைச் சோதித்து அனுப்ப வேண்டும். இருவரில் ஒருவர் கைவிட்டாலும் போன் அங்கேயே நிற்கும். அதன் பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும். 2023-ல் கூகுள் பிளே சர்வீசஸ் ஆண்ட்ராய்டு 4.4-ஐக் கைவிட்டது. 5.0-க்குக் கீழே வாட்ஸ்அப்பும் இல்லை. லீனேஜ்ஓஎஸ் போன்ற தன்னார்வலர் மென்பொருள் சில போன்களுக்கு மறுவாழ்வு தருகிறது. ஆனால் வங்கிச் செயலிகள் அவற்றை ஏற்காமல் போகலாம்.

கேட்க வேண்டிய கேள்வி

பேட்டரி, டிஸ்பிளே, சார்ஜ் பின்: இவற்றைத் தாராளமாக மாற்றலாம். சுமார் 500 முறை முழுதாக சார்ஜ் ஏறி இறங்கினால் லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு 80 சதவீத அளவுக்குக் குறைவது இயல்பு. அதற்காக போனையே தூக்கிப் போட வேண்டியதில்லை.

புதிது வாங்கும்போது கேமராவுக்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: "எத்தனை வருஷத்துக்கு அப்டேட் வரும்?" பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 போன்ற விலை உயர்ந்த போன்களுக்கு ஏழு ஆண்டுகள் என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், விற்பனை முடிந்த பிறகும் ஐந்தாண்டுகள் அப்டேட் தர வேண்டும் என்று விதித்திருக்கிறது. தார் வெட்டிய காசில் போன் வாங்கும் விவசாயிக்கும் அந்தப் பாதுகாப்பு வேண்டும். இங்கேயும் அது சட்டமாக வேண்டும்.

தம்பி அந்த போனுக்குப் புது பேட்டரி போட்டார். சிம் வேண்டாம்; இயர்போன் ஒயரைச் செருகினால் அதுவே ஆன்டெனா. இப்போது பெரியப்பாவின் தோப்பில், பம்புசெட் கொட்டகையில், அது எஃப்.எம். ரேடியோவாகப் பாடுகிறது. அந்த போனின் உடம்பில் இன்னும் தெம்பு இருக்கிறது. அதைச் செய்தவர்கள்தான் சீக்கிரமே கைகழுவிவிட்டார்கள்.