மர்பி டவுனிலிருந்து ஓர் உலா

பெங்களூருக்கு வரும் தமிழன்பர்கள் லால்பாக்கையும் விதான சௌதாவையும் கண்டவுடன், நகரம் முழுவதையும் பார்த்துவிட்டதாக எண்ணி ரயிலேறிவிடுகின்றனர். அங்கேயே பல்லாண்டுகளாக வாழ்வோரிலும் பலர், 'வெள்ளையர் படையோடு பிழைக்க வந்தவர்கள் நாம்' என்பதற்கு மேல் தம் வரலாற்றை அறியார். அது முழு உண்மையன்று. அல்சூரை அடுத்த மர்பி டவுனிலிருந்து புறப்பட்டு ஒரு பகல் சுற்றினால், கற்களே அதனைக் கூறும்.

பெங்களூர் நெடுங்காலம் இரண்டு ஊர்களாக இருந்தது. டான்யூப் நதியின் இரு கரைகளிலும் இருந்த பூடாவும் பெஸ்டும் 1873ஆம் ஆண்டில் இணைந்து ஹங்கேரியின் தலைநகராயின அல்லவா? இங்கு நடுவில் ஓடியது நதியன்று, கப்பன் பூங்கா. மேற்கே கெம்பே கௌடர் நிறுவிய பழைய பேட்டை; கிழக்கே, ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்த படையை மாற்றி 1809இல் ஆங்கிலேயர் அமைத்த கண்டோன்மெண்ட். இரண்டும் ஒரே மாநகராட்சியானது 1949இல்தான். கண்டோன்மெண்டைக் கன்னடத்தார் 'தண்டு' என்பர். மொழிபெயர்ப்பே தொழிலாகிவிட்ட நமக்கு இச்சொல் தனி மகிழ்ச்சி அளிக்கிறது. தமிழிலும் தண்டு என்றால் படையே. கோவையின் தண்டுமாரியம்மனை நினைவுகூர்க.

அந்தத் தண்டோடு ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து வணிகரும் ஒப்பந்தக்காரரும் தொழிலாளரும் வந்தனர். மர்பி டவுன் எளியோருக்கென எழுந்த குடியிருப்பு. நாக்ஸ்பேட்டை என்றிருந்த பெயர், மர்பி என்னும் பொறியாளரின் நினைவாகப் பின்னர் மாறியது. இங்கு மாளிகைகளைத் தேட வேண்டாம்.

சிறிது தூரத்தில் அல்சூர் சோமேசுவரர் ஆலயம். தண்டு தோன்றுவதற்கு முன்பே இருந்த கிராமத்தின் கோயில் இது. விஜயநகரப் பாணியில் அமைந்தது. கோபுரத்தைக் கடந்து உட்சென்றால் நாற்பத்தெட்டுத் தூண்கள் தாங்கும் மண்டபம். இராவணன் கயிலையைப் பெயர்க்கும் சிற்பத்தையும், கிரிஜா கல்யாணக் காட்சியையும் நின்று நோக்குதல் வேண்டும். மகிஷனை வதைக்கும் துர்க்கையும் உண்டு. அவசரமாக வலம் வந்து திரும்புவோர் இவற்றைத் தவற விடுகின்றனர்.

இன்னும் தெற்கே சென்றால் தொம்மலூர்ச் சொக்கநாதசுவாமி கோயில். பெயரைக் கேட்டுச் சிவாலயம் எனக் கருத வேண்டாம். இங்கு எழுந்தருளியிருப்பவர் பெருமாள். பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இவ்வூரைத் 'தோம்பலூர்' என்றும் 'தேசிமாணிக்கப்பட்டணம்' என்றும் குறிக்கின்றன. ஆங்கிலேயர் கூடாரம் அடிப்பதற்கு ஐந்து நூற்றாண்டுகட்கு முன்னரே இங்கு தமிழ் பொறிக்கப்பட்டது. அதனால் இம்மண் நமக்கே உரியது என்று வாதிடுதல் பிழை. ஹொய்சளர் ஆட்சியில் கன்னடமும் தமிழும் ஒரே நாட்டில் வழங்கின என்பதே அதன் பொருள்.

அந்த நல்லுறவு எப்பொழுதும் தடையின்றி நிலைத்ததில்லை. அல்சூர் ஏரிக்கு அருகே 1991இல் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் அது திறக்கப்பட்டது. நான்கு நாட்களில் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. மாலையில் ஏரிக்கரைக்குச் செல்வோர் வள்ளுவரையும் கண்டு வரலாம்.

இவ்வளவு நடந்தபின் பசிக்காமலிராது. புலால் உண்போர்க்கு 'மிலிட்டரி ஹோட்டல்' உண்டு. பெயர் கேட்டு அஞ்ச வேண்டாம். ராகிக் களியைச் சிறு உருண்டையாகக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குவதே முறை. நம் சேலம், தருமபுரிப் பக்கத்தார்க்கு இது புதிதன்று. மரக்கறி உண்போர்க்குச் சிவந்த காரச் சட்டினி தடவிய மசால் தோசையும், பிஸிபேளே பாத்தும் கிடைக்கும். சாம்பாரில் மட்டும் வெல்லம் இட்டிருப்பார்கள். இதைக் குறைகூறும் நம்மவர் பலர். ஆனால் பத்து ஆண்டுகள் இங்கு வாழ்ந்தவர், விடுமுறையில் சொந்த ஊருக்குச் சென்று, அங்குள்ள சாம்பாரில் புளிப்பு மிகுதி என்று சொல்லக் கேட்டிருக்கிறோம்.